மடையைத் திறந்தவர்கள், ஊருணிக்கு வெளியே நின்றவர்கள்



கிராமம் தன் நீரைத் தானே காத்துக்கொண்டது என்று பேச்சு வந்தால் நம்மிடம் இரண்டு சான்றுகள் தவறாமல் எடுத்துக் காட்டப்படும். ஒன்று உத்தரமேரூர்க் கல்வெட்டு, மற்றது குடிமராமத்து. இவற்றை மேடையில் புகழாத அரசியல்வாதி இல்லை. சூழலியல் நண்பர்களும் இவற்றில் கொஞ்சம் மயங்கித்தான் போகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே, மடைமேல், கையில் மண்வெட்டியோடு ஒரு மனிதர் நிற்கிறார். இன்றைய பேச்சு அவரைப் பற்றியது.

முதலில் உத்தரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்ற குழுவைப் பற்றிச் சொல்கின்றன. குடவோலையில் பெயர் இட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். அது பார்ப்பனர் சபை. ஏரியை ஆள யாருக்குத் தகுதி உண்டு என்பது கல்லில் இருக்கிறது. கரைக்கு மண் சுமந்தவரும் மடையில் மூழ்கியவரும் அந்தக் கல்லில் இல்லை. அடுத்த நூற்றாண்டில் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளுக்கு வந்தால் நாம் இருக்கிறோம். இறை விதிக்காத நிலங்களைக் கணக்கிடும்போது குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனியே எழுதப்பட்டுள்ளன. நிர்வாகத்தில் இடமில்லை, நிலக்கணக்கில் மட்டும் இருக்கிறோம்.

நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, கம்புக்கட்டி, நீராணிக்காரர், மடையர் என்று ஊருக்கு ஊர் அவருக்குப் பெயர் மாறும். தமிழகத்தின் பல பகுதிகளில் பள்ளரும் பறையருமே பரம்பரையாக இந்த வேலையைச் செய்தார்கள். மடையன் என்ற சொல்லை இன்று யார் மீது எறிகிறோம் என்பதையும் இந்த இடத்தில் யோசித்துப் பாருங்கள்.

அவர் வேலை மடையைத் திறப்பதும் மூடுவதும் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரவெல்லாம் கரையைச் சுற்றி வருவார். நண்டு வளையில் கசியும் நீர் விடிவதற்குள் உடைப்பாகிவிடும் என்று தெரிந்தவர் அவர். கலங்கலில் எவ்வளவு நீர் போனால் கரை தாங்கும் என்று கண்ணாலேயே அளப்பார். பழைய மடைகளில் அடைப்பு தண்ணீருக்கு அடியில் இருக்கும், மூழ்கித்தான் அதைப் பிடுங்க வேண்டும். மூழ்கியவர் எல்லாரும் மேலே வந்தார்கள் என்று சொல்ல முடியாது. கரைகளில் நிற்கும் மடைக் கறுப்பசாமி பீடங்களைக் கடக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

கண்மாய் குறைந்த பிறகுதான் அவருடைய உண்மையான வேலை தொடங்கும். தை பிறந்து, கதிர் பால்பிடிக்கும் நேரத்தில், இருக்கிற நீர் எல்லா வயலுக்கும் காணாது. அப்போது முறைப்பாசனம் வரும். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம், முதல்மடையை அடைத்துக் கடைமடைக்கு எப்போது விடுவது என்று நிறைவேற்றுகிறவர் நீர்க்கட்டி. பல ஊர்களில் நிலக்காரர் தாமே வாய்மடையை வெட்டக் கூடாது என்பது கட்டுப்பாடு. நிலமில்லாதவர் என்பதால் அவர் யார் பக்கமும் சாய மாட்டார் என்று ஊர் நம்பியது என ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். ஒருவரை நிலமே இல்லாதவராக ஆக்கிவைத்துவிட்டு அதற்கு நடுநிலைமை என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பகலில் பெரிய நிலக்காரரிடம் "உன் முறை முடிந்தது" என்று சொல்லி நீரை நிறுத்த அவரால் முடியும். மாலையில் அதே நிலக்காரர் தெருவில் செருப்போடு நடக்க முடியாது. அறுவடையில் களத்து மேட்டில் கிடைக்கும் நெல்தான் கூலி. சில ஊர்களில் சிறிது மானிய நிலமும் உண்டு.

வயலுக்கு அவர் விட்ட நீர் தீட்டாகவில்லை. குடிக்கும் ஊருணியில் மட்டும் அவர் பானை படக் கூடாது. தென்மாவட்டங்களில் கண்மாய் ஒரு சட்டம், ஊருணி இன்னொரு சட்டம். இரண்டையும் ஒரே ஊர்தான் நிர்வகித்தது. ஆகவே 'சமூக நீர் மேலாண்மை' என்ற சொல்லைக் கேட்டதும் நான் கேட்கும் முதல் கேள்வி, எந்தச் சமூகம்?

குடிமராமத்துக்கு வருவோம். 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. கரை உடையும் ஆபத்தில் ஊரின் உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த உடல்வலு உள்ள ஆண்களை அழைக்கலாம், வராதவரைத் தண்டிக்கலாம் என்றது அது. 'உழைக்கும் வகுப்பு' என்று சட்டம் நாகரிகமாகச் சொன்னது யாரை என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டேவிட் மோஸ் 2003-இல் வெளியிட்ட நூலில், தன்னாட்சி பெற்ற பழங்கிராமம் என்ற சித்திரமே காலனி நிர்வாகம் வளர்த்தெடுத்தது என்று வாதிடுகிறார். அவருடைய முடிவுகள் அனைத்தையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் மராமத்துச் செலவைக் குடிகள் தலையில் ஏற்ற அரசுக்கு ஒரு 'மரபு' தேவைப்பட்டது என்ற இடம் முக்கியமானது.

குடிநீருக்கான நம் போராட்டம் வேறு ஆவணங்களில் இருக்கிறது. 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுத் தெரு, கிணறு, குளம் அனைத்தும் எல்லாருக்கும் உரியவை என்றது. 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். தீர்மானத்தின் மை காய்ந்து சில ஆண்டுகளில், 1930-31-இல், இராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியார் நம் மக்கள்மீது தடைகளை விதித்தார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஹட்டன் அவற்றைப் பதிவுசெய்திருக்கிறார். பெண்கள் செம்பு, பித்தளைக் குடத்தில் நீர் எடுக்கக் கூடாது, மண்பானைதான். தலையில் சும்மாடு துணியாக இருக்கக் கூடாது, வைக்கோல்தான். நீர் கிடைக்கிறதா என்பதோடு நிற்காமல், அதை எப்படிச் சுமக்க வேண்டும் என்பதையும் சாதி வகுத்தது. எம்.சி. ராஜா முயற்சியில் 1938-இல் சமூக இழிவுகளை நீக்கும் சட்டம் வந்தது. பிறகு அரசமைப்பின் 15-ஆம் பிரிவு கிணறு, குளம், குளியல்துறை என்று பெயர் சொல்லியே எழுதியது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடித்த மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது.

நீர்க்கட்டி என்ன ஆனார்? பெரிய ஏரிகள் பொதுப்பணித்துறைக்கும் சிறியவை ஊராட்சி ஒன்றியத்துக்கும் போயின. பம்புசெட் வைத்த பெரிய விவசாயிக்குக் கண்மாய் மீது அக்கறை போனது. களத்து நெல் குறைந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பறையடிக்க மறுத்ததைப் போல இந்த ஊழியத்தையும் உதறிய இளைஞர்கள் உண்டு. அது சுயமரியாதை. அதைச் சூழலியல் இழப்பு என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மடைமேல் நின்ற அறிவு நம் முன்னோர் சேர்த்தது, அதை இழிதொழில் என்று நாமே புதைத்துவிடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை.

2000-ஆம் ஆண்டின் பாசன முறை உழவர் மேலாண்மைச் சட்டம் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களை அமைத்தது. அதில் உறுப்பினர் நிலமுடையவர். 2017-இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசு தூர்வாரும் திட்டத்தைத் தொடங்கியபோதும் நிலமுள்ள பாசனதாரரையே முன்னிறுத்தியது. கால் வேலி இருந்தால்தான் குடவோலை என்ற விதி ஆயிரம் ஆண்டு கழித்தும் உருமாறி நிற்கிறது. சங்கத்தில் நீர்க்கட்டிக்கு வாக்குரிமை, பஞ்சாயத்து கொடுக்கும் மாதச் சம்பளம், மீன் ஏலத் தொகையில் சேரிக்குப் பங்கு, எந்தச் சாதியாரும் அந்த வேலைக்கு வரும் நிலை ஆகியவற்றை நாம் கேட்க வேண்டும். உங்கள் ஊர்க் கண்மாய்ச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை இந்த மாதமே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கி, அதில் சேரியின் பெயர்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.