இந்தியாவில் தொழிலாளர் இழப்பீட்டுரிமை: கோட்பாடும் வளர்ச்சியும்

பணியிடத்தில் உறுப்பிழந்த தொழிலாளி இழப்பீடு கோரலாம் என்பது இன்று இயல்பாகத் தோன்றும் கருத்தாகும். ஆயினும், இந்தியாவில் அவ்வுரிமை தெளிவான சட்ட வடிவம் பெற்று ஒரு நூற்றாண்டே ஆகிறது. விபத்து நேர்ந்தபோது சட்டம் எழுப்பிய வினா காலந்தோறும் மாறி வந்ததே இவ்வுரிமையின் வரலாறு எனலாம்.

முதலில் எழுந்த வினா, ‘தவறு யாருடையது?’ என்பது. 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டம், பிறர் தவற்றால் இறந்தவரின் குடும்பத்தார் வழக்குத் தொடுக்க வழிசெய்தது. உயிர் பிழைத்து உறுப்பிழந்தவர் அதன் எல்லைக்குள் வரவில்லை. இங்கிலாந்தின் பொதுச் சட்டமோ முதலாளிக்கு மூன்று அரண்களை அளித்திருந்தது. உடன்பணியாளரின் தவற்றுக்கு முதலாளி பொறுப்பல்லர். ஆபத்தை அறிந்தே தொழிலாளி வேலையை ஏற்றார். விபத்தில் அவருடைய கவனக்குறைவுக்கும் பங்குண்டு என்பனவே அவை. இவற்றுள் முதலாவது 1837ஆம் ஆண்டின் ஆங்கிலத் தீர்ப்பொன்றிலிருந்து வளர்ந்தது. கூலியையே நம்பிய குடும்பத்தால் இவ்வரண்களைத் தாண்டி உரிமையியல் நீதிமன்றத்தில் வெல்லுதல் அரிதாயிற்று.

இங்கிலாந்தில் 1897இல் இயற்றப்பட்ட இழப்பீட்டுச் சட்டம் இவ்வினாவை மாற்றியது. அதன் வழியில் அமைந்த இந்தியத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் இயற்றப்பெற்று, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ‘காயம் வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் நேர்ந்த விபத்தால் விளைந்ததா?’ என்பதே புதிய வினா. ஆம் எனின், முதலாளியின் தவற்றை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. வழக்குகளை விசாரிக்கத் தனி ஆணையர்கள் அமர்த்தப்பட்டனர். உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதித் தரும் ஒப்பந்தம் செல்லாது எனவும் விதிக்கப்பட்டது.

தவற்றை அளப்பதை விட்ட சட்டம் உடலை அளக்கத் தொடங்கியது. 1923ஆம் ஆண்டின் முதல் அட்டவணைப்படி, வலக்கையை முழங்கையிலோ அதற்கு மேலோ இழந்தால் ஈட்டுத்திறன் இழப்பு நூற்றுக்கு 70, இடக்கைக்கு 60, கட்டைவிரலுக்கு 25, சுட்டுவிரலுக்கு 10. நிலையான முழு ஊனத்துக்கு 42 மாத ஊதியம் அல்லது 3,500 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அது வழங்கப்படும். ஆகவே, மாதம் 20 ரூபாய் ஈட்டியவர் கட்டைவிரலை இழந்தால், 840 ரூபாயில் கால் பங்காகிய 210 ரூபாய் பெறுவார். தொகை சிறிதாயினும், அது கருணைக்கொடையன்று. கணக்கிட்டுக் கேட்டுப் பெறத்தக்க உரிமை.

விட்லி தலைமையிலான தொழிலாளர் ஆணைக்குழு 1931இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1933இல் சட்டம் விரிவாக்கப்பட்டது. உடன்பணியாளர் தவறு என்னும் அரண் 1938ஆம் ஆண்டின் முதலாளி பொறுப்புச் சட்டத்தால் நீங்கியது. அடர்கர் 1944இல் அளித்த அறிக்கை 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்துக்கு வழிகோலியது. அத்திட்டம் 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் தொடங்கப்பெற்றது. இதன்கீழ் வருவோருக்குத் தனி முதலாளியின் பொறுப்பு, பலர் பங்களிக்கும் பொது நிதியின் பொறுப்பாயிற்று.

மூன்றாம் வினாவை ஒரு தச்சரின் வழக்கு எழுப்பிற்று. 1968 ஜூலையில் திரையரங்கு ஒன்றின் அலங்கார வேலையின்போது விழுந்த அவர் இடக்கையை இழந்தார். ஒரு கையால் தச்சுவேலை செய்ய இயலாது. எனவே இழப்பு முழுமையானது என ஆணையர் முடிவுசெய்தார். 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. இழப்பீடு விபத்து நாளிலேயே செலுத்தத்தக்கதாகிறது எனவும் அறிவித்தது. ‘எவ்வுறுப்பு போயிற்று?’ என்பதனோடு, ‘அவ்வுறுப்பின்றி அவர் தம் தொழிலைச் செய்ய இயலுமா?’ என்பதும் வினாவாயிற்று. எழுத்தருக்கும் தச்சருக்கும் கை ஒன்றே, இழப்பு ஒன்றன்று. ஆயினும், தச்சருக்கு இறுதி விடை கிடைக்க ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆயின என்பதும் கருதத்தக்கது.

யார் தொழிலாளி என்னும் வரையறையும் விரிந்தது. முதலாளியின் தொழிலுக்குப் புறம்பான தற்காலிக வேலையில் அமர்த்தப்பட்டோரை விலக்கிய சொற்கள் 2000ஆம் ஆண்டின் திருத்தத்தால் நீக்கப்பட்டன. 2009ஆம் ஆண்டின் திருத்தம் சட்டத்தின் பெயரிலேயே ‘தொழிலாளர்’ என்பதைப் ‘பணியாளர்’ என மாற்றிற்று. இழப்பீடு பற்றிய விதிகள் 2020இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இணைக்கப்பெற்றன.

எனினும், உரிமை கோருவோர் தாம் இன்னாரிடம் வேலை செய்தவர் என்பதை முதலில் நிறுவியாதல் வேண்டும். மேஸ்திரி அழைத்துவர, பெயர்ப் பதிவும் ஊதியச் சீட்டும் இன்றிச் சாரத்தில் ஏறும் சித்தாளுக்கு இதுவே கடினமான படி. முதலாளியின் தவற்றை மெய்ப்பிக்கும் சுமையை 1923ஆம் ஆண்டின் சட்டம் இறக்கிவைத்தது. வேலையுறவையே மெய்ப்பிக்கும் சுமை அத்தகையோர்மீது இன்னும் இருக்கிறது. பணியிடந்தோறும் முறையான பதிவேடு பேணப்படுமாயின், அச்சுமையும் பெருமளவு குறையும்.