ஒண்டி ஆள் சம்பளம்: வட ஆர்க்காட்டிலிருந்து கடல் கடந்தோரின் செலவுக் கணக்கு (1856–2021)

தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி இராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. வாலாஜாபேட்டைக்கு அதனால் கிடைத்ததைவிடப் போனது அதிகம். ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய இந்த ஊர், மைசூர் மேட்டிலிருந்து இறங்கும் சரக்கும் சென்னையிலிருந்து ஏறும் சரக்கும் கைமாறிய பேட்டை. தெருக்கள் நூல் பிடித்தாற்போல் இருக்கும். நெசவும் கம்பளமும் பேர்போனவை. நிலையமோ ஊருக்கு வெளியே, ஏறக்குறைய மூன்று மைல் தள்ளி அமைந்தது. இங்கே இறங்கி மூட்டை மாற்றிய சரக்கு இறங்காமலே கடந்து போகலாயிற்று. 1866இல் நகராட்சி ஆனபோது, ஊரின் வணிகம் ஏற்கெனவே இறங்குமுகத்தில் இருந்தது.

சரக்கைக் கொண்டுபோன அதே தண்டவாளம் ஆட்களையும் துறைமுகத்துக்குக் கொண்டுபோனது. இரயில் வந்து நான்கு ஆண்டு கழித்து, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று, இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலின் டர்பனில் நங்கூரம் பாய்ச்சியது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் போன ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பகுதி சென்னை வழியாகப் போனவர்கள். அவர்களை அனுப்பிய மாவட்டங்களில், சித்தூரையும் உள்ளடக்கியிருந்த அன்றைய வட ஆர்க்காடு முன்வரிசையில் நின்றது.

ஏன் போனார்கள் என்பது பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. 1876–78 பஞ்சம், கடன், சாதி ஒடுக்குமுறை, ஆள்கட்டிகளின் ஆசை வார்த்தை என்று அந்தப் பட்டியல் நமக்கு மனப்பாடம். போன இடத்தில் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் எப்படிக் கட்டுப்படியாயிற்று என்ற கேள்விக்கு அத்தனை பக்கங்கள் ஒதுக்கப்படவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கணக்கை மட்டும் பின்தொடர்கிறது. நேட்டால், மலாயா, இலங்கை, வளைகுடா ஆகிய எல்லா இடங்களிலும் கூலி தனி ஆளுக்கென்றே நிர்ணயிக்கப்பட்டது. அந்த ஆளுடைய குடும்பத்தின் செலவை வட ஆர்க்காடு ஏற்றது. குடும்பம் கூடவே வர முயன்றபோதெல்லாம் கணக்கு உடைந்தது என்பதே என் வாதம்.

பத்து ஷில்லிங்கும் ஒரு படி அரிசியும்

நேட்டால் ஒப்பந்தத்தில் ஆண் கூலிக்கு முதலாண்டு மாதம் 10 ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடி, ஐந்தாம் ஆண்டில் 14. பெண்ணுக்குப் பாதி. குடியிருக்க லைன் வீடு, உண்ண அரிசி, பருப்பு, உப்பு, கருவாடு, எண்ணெய் எல்லாம் முதலாளி பொறுப்பு. 1860இல் ஒரு ரூபாய்க்கு இரண்டு ஷில்லிங். ஆக முதல் ஆண்டுக் கூலி மாதம் 5 ரூபாய். பிறகு வெள்ளி விலை சரிந்து, 1898க்குப் பின் ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்னியில் நின்றது. அதே 10 ஷில்லிங் இப்போது ஏழரை ரூபாய். கூலி ஒரு காசு உயரவில்லை, ஊரில் மட்டும் அது பாதிக்குப் பாதி கூடித் தெரிந்தது. வெளிநாட்டுச் சம்பளத்தை ரூபாயால் பெருக்கிப் பார்த்து மயங்கும் பழக்கம் வளைகுடாக் காலத்தில் வந்ததல்ல.

அரிசியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். பாலாற்றங்கரை ஏரிப் பாசன நிலங்களை விட்டால், வட ஆர்க்காட்டுக் கூலிக் குடும்பத்தின் அன்றாட உணவு கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும்தான். நெல்லுச் சோறு பண்டிகைக்கு. 'தினமும் அரிசி' என்ற ஒப்பந்த வரி, பத்து ஷில்லிங்கைக் காட்டிலும் வலுவாக இழுத்திருக்கும் என்பது என் ஊகம். நேட்டால் போய்ச் சேர்ந்தால், அரிசி விலை ஏறியபோதெல்லாம் அதற்குப் பதில் மக்காச்சோள மாவு அளந்தார்கள். கேழ்வரகு கிண்டிய கைக்கு அதையும் களியாகக் கிண்டத் தெரிந்திருக்கும். வாக்களித்த பண்டம் அதுவல்ல என்பதே குறை. அதற்கு மேல், வேலைக்கு வராத ஒரு நாளுக்கு இரண்டு நாள் கூலியைப் பிடித்தார்கள். தோட்டக்காரரின் புத்தகத்தில் 10 ஷில்லிங் என்று இருந்தாலும், கைக்கு வந்தது பெரும்பாலும் அதைவிடக் குறைவு.

இந்த ஏற்பாட்டில் விலைவாசி என்ற ஒன்றைக் கூலி நேரடியாகச் சந்திக்கவில்லை. சந்தித்தது ஐந்தாண்டு முடிந்த பிறகு. படி அரிசி நின்றது. லைன் வீடு போயிற்று. அப்போது அவர்கள் செய்தது கவனிக்கத்தக்கது. டர்பனைச் சுற்றிச் சின்னச் சின்னத் துண்டு நிலம் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டார்கள். தின்றது போக மிஞ்சியதைக் கூடையில் வைத்துத் தெருத் தெருவாக விற்றார்கள். அந்த நகரத்தில் காய்கறி மலிந்ததே இந்தியத் தோட்டக்காரர்களால்தான் என்ற சாட்சியம், நேட்டால் இந்தியரின் நிலையை விசாரித்த 1885–87 ராக் ஆணையத்தின் முன் வந்தது. தன் செலவைக் குறைக்கப் புறப்பட்டவர் ஊர் முழுவதற்கும் செலவைக் குறைத்துக் கொடுத்தார். வெள்ளை வியாபாரிகளுக்குப் போட்டியாகவும் ஆனார்.

பதில் சட்டமாக வந்தது. ஒப்பந்தம் முடிந்து தங்குபவர் தலைக்கு ஆண்டுக்கு 25 பவுண்டு வரி என்று நேட்டால் கேட்டது. இந்திய அரசு பேரம் பேசி 3 பவுண்டுக்குச் சம்மதித்தது. அதுவே 1895ஆம் ஆண்டுச் சட்டம். 1903இல் 16 வயது தாண்டிய மகனுக்கும் 13 வயது தாண்டிய மகளுக்கும் அது விரிக்கப்பட்டது. கணவன், மனைவி, வயது வந்த இரண்டு பிள்ளைகள் என்றால் ஆண்டுக்கு 12 பவுண்டு, அதாவது 180 ரூபாய். மாதம் 14 ஷில்லிங் வாங்குபவரின் முழு ஆண்டுக் கூலி 8 பவுண்டு 8 ஷில்லிங். சம்பளத்தை விட வரி பெரிது. மீண்டும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தால் வரி இல்லை. ஊர் திரும்பினாலும் இல்லை. குடும்பத்தோடு சுதந்திரமாக வாழ்வதற்குத்தான் விலை போட்டார்கள்.

1913 அக்டோபரில் டிரான்ஸ்வாலிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் நேட்டாலின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்க லைன்களில் ஏறி இறங்கிப் பேசியது இந்த வரியைப் பற்றித்தான். வேலைநிறுத்தம் சுரங்கத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியது. 1914ஆம் ஆண்டு இந்தியர் நிவாரணச் சட்டம் வரியை நீக்கியது. சத்தியாக்கிரக வரலாற்றில் காந்தி, தம்பி நாயுடு என்று தலைவர்களை வரிசைப்படுத்தும் நாம், அந்தப் பெரும் எழுச்சி வீட்டுச் செலவுக் கணக்கிலிருந்து கிளம்பியது என்பதைப் போதிய அளவு சொல்வதில்லை.

அரசு போட்ட செலவுப் பட்டியல்

நேட்டால் மூடியபோது மலாயா திறந்திருந்தது. அங்கே ஒப்பந்த முறை 1910இல் முடிந்து, மேஸ்திரியே ஊருக்கு வந்து ஆள் சேர்க்கும் கங்காணி முறையே ஓங்கியது. சென்னைப் பக்கத்து ஆட்கள் ஆவடி முகாமில் தங்கிக் கப்பலேறினார்கள். வாலாஜா ரோட்டிலிருந்து சென்னை செல்லும் அதே தடத்தில்தான் ஆவடியும் இருக்கிறது. மற்றவர்களுக்கு நாகப்பட்டினம். கப்பல் கட்டணத்தை, தோட்ட முதலாளிகளிடம் தலைக்கு இவ்வளவு என்று தண்டிய குடியேற்ற நிதி ஏற்றது.

இங்கே உணவு இலவசமில்லை. கூலியும் கடை விலையும் நேருக்கு நேர் வந்தன. 1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பின், இந்திய அரசின் முகவர் ஒருவர் மலாயாவில் அமர்ந்தார். குடியேற்றக் குழு கூலியின் மாதச் செலவைப் பட்டியல் போட்டு, அதை வைத்துத் தரக்கூலி நிர்ணயித்தது. 1920களின் பிற்பகுதியில் எளிதில் சென்றடையக்கூடிய பகுதிகளில் ஆணுக்கு நாளைக்கு 50 சதம், பெண்ணுக்கு 40. விலை கூடிய பகாங் உட்பகுதியில் 58, 46. தமிழ்க் கூலியின் வாழ்க்கைச் செலவு இடத்துக்கு இடம் மாறும் என்று ஓர் அரசு தாளில் எழுதி ஒப்புக்கொண்டது பெரிய காரியம்தான்.

ஆனால் ரூபாய்க் கணக்கில் பாருங்கள். மலாயா டாலர் 2 ஷில்லிங் 4 பென்னி. ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்னியாக இருந்தவரை 50 சதம் 14 அணா பெறும். 1927இல் ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்னியாக உயர்த்தப்பட்டதும் அதுவே பன்னிரண்டரை அணாவுக்குக் கீழே இறங்கியது. மாதம் 26 நாள் வேலை செய்தால் 13 டாலர், சுமார் 20 ரூபாய். அதில் அரிசி, புளி, மிளகாய், துணி, வெற்றிலை, கோயில் திருவிழா வரி எல்லாம் போக மிஞ்சுவதே மணியார்டர். தோட்டத்துக் கள்ளுக்கடை அதிலும் ஒரு பங்கு பிடுங்கியது. ஆணும் பெண்ணும் சேர்ந்து உழைத்தால் ஓடியது. பிள்ளை பிறந்தாலோ, ஒருவர் படுத்தாலோ ஓடவில்லை. பட்டியலில் பிள்ளைக்கும் முதுமைக்கும் இடம் போதாது என்பதே அன்று இந்தியாவில் எழுந்த முக்கியக் கண்டனம்.

இலங்கை வேறு வழி பிடித்தது. 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் மலைநாட்டுத் தோட்டத்தில் ஆணுக்கு 54 சதம்; அத்தோடு, தோட்டம் கொடுக்கும் அரிசி புசல் 6 ரூபாய் 40 சதத்துக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பு. கூலியையும் அரிசி விலையையும் ஒரே கட்டில் கட்டியது, என் பார்வையில், மலாயாப் பட்டியலை விட நேர்மையான ஏற்பாடு. அரிசி இறங்கினால் கூலியும் இறங்கும் என்ற சூட்சுமம் 1930களின் தொடக்கத்தில் தெரிந்தது. அது தனிக் கதை.

உலகப் பொருளாதாரச் சரிவில் ரப்பர் விலை விழுந்தது. 1930இல் மலாயாத் தரக்கூலி 40, 32 சதமாகக் குறைந்தது. பல்லாயிரம் பேர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வேலையற்றவரைப் பராமரிக்கும் செலவைத் தோட்டம் ஏற்கவில்லை. ஏரி வற்றிய கிராமங்கள் ஏற்றன. மலாயா நிலையை ஆராய இந்திய அரசு அனுப்பிய சீனிவாச சாஸ்திரி, 1937இல் வெளிவந்த தம் அறிக்கையில் 50 சதத்துக்குத் திரும்பச் சொன்னார். முழுமையாக நடக்கவில்லை. 1938இல் உதவிபெற்ற குடிபெயர்வை இந்திய அரசு நிறுத்தியது.

மெஸ் நோட்டு

1973 எண்ணெய் விலையேற்றத்துக்குப் பின் மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கமிருந்து சவுதி, துபாய், குவைத் போகும் அலை எழுந்தது. இந்தத் தோல் தொழில் வட்டாரத்தின் வணிகர்கள் சென்னைப் பெரியமேடு வழியாக இலண்டன் வரை ஏற்கெனவே வழி தெரிந்தவர்கள். அவர்கள் வெளிநாட்டுச் செலவு கம்பெனிக் கணக்கில் ஏறும். புதிதாகக் கிளம்பியவர்கள் எலக்ட்ரீஷியன், ஓட்டுநர், கடைப் பையன், கட்டட வேலையாள். அவர்களுக்குச் செலவு ஊரிலேயே தொடங்கிவிடும். ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் வட்டிக்கு வாங்கியது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் விதிகள் ஆள்சேர்ப்புக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கின்றன. இப்போது அது வரி நீங்கலாக 30,000 ரூபாய். அந்த வரம்பு பலருக்கும் தாளில்தான் தெரியும்.

போய்ச் சேர்ந்த இடத்தில் கம்பெனி கேம்ப் கொடுத்தால் வாடகை இல்லை. கொடுக்காவிட்டால் பேச்சலர் ரூமில் பெட்ஸ்பேஸ்: இரண்டடுக்குக் கட்டிலில் ஒரு தட்டு, ஓர் அலமாரியில் பாதி. சாப்பாட்டுக்கு மெஸ். அதற்கொரு நோட்டு உண்டு. அரிசி மூட்டை, வெங்காயம், கோழி, கேஸ், குடிதண்ணீர் என்று யார் வாங்கினாலும் பெயர் போட்டுத் தொகை எழுதுவார்கள். மாதக் கடைசியில் கூட்டி, சாப்பிட்ட நாளால் வகுத்து, லீவில் ஊர் போனவருக்குக் கழித்து, தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். கோழி எத்தனை வாரத்துக்கு ஒருமுறை என்பதில் சண்டை வரும். வந்த புதிதில் குபூஸ் ரொட்டியும் தயிருமாகவே ஓட்டிக் கடனை அடைப்பவருக்கும், பழைய ஆளுக்கும் ஒத்துவராது. நேட்டாலில் தோட்டக்காரர் அளந்த படியை இங்கே தொழிலாளிகளே தங்களுக்குள் அளந்துகொள்கிறார்கள். செலவைக் குறைக்கும் பொறுப்பு கை மாறியிருக்கிறது.

குடும்பம்? அது பெரும்பாலும் ஊரில். அதன் செலவை யார் ஏற்றார் என்று கேட்டால் 'அனுப்பிய பணம்' என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். அது பாதி விடை. 1970களில், தோல் ஏற்றுமதி பற்றி அரசு அமைத்த சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டிப் பதனிட்ட தோலின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டு, முழுமையாக்கிய தோலுக்கும் காலணிக்கும் ஊக்கம் கிடைத்தது. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் வந்த ஷூ கம்பெனிகள் பெண்களையே பெருமளவில் வேலைக்கு எடுத்தன. விடிகாலையில் கிராமம் கிராமமாக நின்று பெண்களை ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்ஸை இந்தப் பக்கத்தில் எவரும் பார்க்கலாம். கணவனின் முதல் இரண்டாண்டுச் சம்பளம் ஏஜெண்டுக் கடனுக்குப் போகும் வீட்டில், பலசரக்குக் கடை பாக்கியை அடைப்பது பல இடங்களில் இந்தச் சம்பளம்தான். வெளிநாட்டு வாழ்க்கைச் செலவை ஆராய்பவர் துபாய் வாடகையோடு இராணிப்பேட்டைக் கூலியையும் சேர்த்தே எழுத வேண்டும்.

சற்று நல்ல வேலையில் இருந்தவர்கள் ஜித்தா, ரியாத்துக்கு மனைவி மக்களை அழைத்துக்கொண்டார்கள். 2017 ஜூலையில் சவுதி அரசு சார்ந்திருப்போர் கட்டணத்தைக் கொண்டுவந்தது. தலைக்கு மாதம் 100 ரியால். ஆண்டுக்கு நூறு நூறாக ஏறி 2020இல் 400. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் அந்த விகிதத்தில் ஆண்டுக்கு 14,400 ரியால், அன்றைய மாற்று மதிப்பில் சுமார் 2.8 லட்சம் ரூபாய். கட்டினால்தான் இக்காமா என்ற குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க முடியும். 2018இல் வந்த 5 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி 2020 ஜூலையில் 15 ஆயிற்று. நேட்டாலின் நோக்கம் இந்தியரை விரட்டுவது; சவுதியின் அறிவித்த நோக்கம் எண்ணெயல்லாத வருவாய். இரண்டையும் ஒன்றாக்குவது தவறு. விளைவு மட்டும் ஒரே திசையில் போயிற்று: ஆள் தங்கினார், குடும்பம் திரும்பியது.

2020 செப்டம்பரில், பெருந்தொற்றில் வேலை கைநழுவிப் போகாமல் இருக்க என்று, வளைகுடாவுக்குச் செல்லும் இந்தியத் தொழிலாளர்க்கான குறைந்தபட்சப் பரிந்துரைக் கூலியை இந்திய அரசே 30 முதல் 50 விழுக்காடு வரை குறைத்தது. அமீரகம், கத்தார், ஓமான், பஹ்ரைன் நாடுகளுக்கு 200 டாலர். எதிர்ப்புக் கிளம்பி 2021இல் அது திரும்பப் பெறப்பட்டது. 1930இல் கூலியைக் குறைத்தவர்கள் மலாயாவில் இருந்தார்கள். குறைக்காதே என்று வாதாட வேண்டிய இடத்தில் இந்திய அரசு இருந்தது. இம்முறை குறைத்த கை எது என்பதில் வேறுபாடு உண்டு. திரும்பும் செலவிலும் உண்டு. மலாயாவிலிருந்து திரும்பியவரின் கப்பல் கட்டணத்தை முதலாளிகள் கட்டிய நிதி கொடுத்தது. 2020இல், ஊர் திரும்புவோருக்காக இந்திய அரசு ஏற்பாடு செய்த வந்தே பாரத் விமானத்துக்குப் பயணியே டிக்கெட் எடுத்தார்; அறவே வழியில்லாத சிலருக்கு மட்டும் தூதரகங்கள் வைத்திருக்கும் இந்திய சமூக நல நிதி கைகொடுத்தது.