கேட்டால் அணைக்க முடியாத தைரிஸ்டர்: அரியலூர் ஆலையிலிருந்து புகளூர் வரை

தைரிஸ்டரின் குறை என்று பாடநூல்கள் தவறாமல் ஒன்றைச் சொல்கின்றன: கேட் முனையால் அதை இயக்கலாம், நிறுத்த முடியாது. இந்தக் குறையைச் சாதனத்தின் கணக்கில் மட்டும் எழுதுவது சரியில்லை. அது எந்த மின்வழங்கலோடு சேர்கிறது என்பதைப் பொறுத்தே குறை எழுகிறது அல்லது மறைகிறது.

தைரிஸ்டர் நான்கு அடுக்குச் சிலிக்கான். அதைப் பின்னிக்கொண்ட இரண்டு டிரான்சிஸ்டர்களாகக் கொள்ளலாம். ஒன்றின் கலெக்டர் மின்னோட்டம் மற்றதன் பேஸுக்குள் செல்கிறது. கேட்டில் சிறு துடிப்பு விழுந்ததும் இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். அதன்பின் கேட்டுக்கு வேலையில்லை. மின்னோட்டம் தாங்கு அளவுக்குக் கீழே இறங்கினால்தான் கடத்தல் நிற்கும்.

விக்கிரமங்கலம் எனும் ஊர் இருக்கும் அரியலூர் மாவட்டம் சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமெண்ட் ஆலைகளுக்கும் பேர்பெற்றது. சிமெண்ட் ஆலைகளில் புகைவழித் தூசைப் பிடிக்கும் இ.எஸ்.பி. எனும் நிலைமின் கருவி இந்த வாதத்துக்கு நல்ல சான்று. 415 வோல்ட் மின்சாரம், எதிரெதிராக இணைத்த இரண்டு தைரிஸ்டர்கள் வழியாக மின்மாற்றியை அடைகிறது; அங்கே உயர்ந்து, டையோடுகளால் நேர்மின்னாகி, பல பத்தாயிரம் வோல்ட்டாக மின்முனைகளுக்குப் போகிறது. அழுத்தம் கூடக்கூடத் தூசு நன்றாகப் படியும். ஆனால் எல்லை மீறினால் தீப்பொறி பாயும். ஆகவே கட்டுப்பாட்டுக் கருவி வேண்டுமென்றே பொறியின் விளிம்பில் நிற்கிறது. பொறி தெரிந்ததும் அடுத்த துடிப்புகளை நிறுத்திவிடுகிறது. 50 ஹெர்ட்ஸில் அரைச் சுற்று 10 மில்லிநொடிதான். அதற்குள்ளாகவோ சற்றுப் பின்னரோ மின்னோட்டம் சுழியைத் தொட, தைரிஸ்டர் தானே அணைகிறது. அதுவரை மின்னோட்டம் எகிறாமல் தொடர்ச்சுருள் பார்த்துக்கொள்கிறது. காற்று அயனி நீங்கித் தெளிந்ததும் அழுத்தம் மறுபடி ஏற்றப்படும். நொடிக்கு நூறு முறை மின்வாரியமே அணைத்துத் தருகையில் கேட் எதற்கு அணைக்க வேண்டும்?

விக்கிரமங்கலத்து வயலில் சூரியஒளிப் பம்புசெட் வைத்தால் கதை மாறும். பலகை தருவது நேர்மின்சாரம். அதில் சுழி இல்லை. தைரிஸ்டரை அணைக்க மின்தேக்கியும் துணைத் தைரிஸ்டரும் கொண்டு மின்னோட்டத்தை வலிந்து திருப்ப வேண்டும். முற்காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். இன்று அந்த இடத்தில் கேட்டாலேயே அணையும் ஐ.ஜி.பி.டி. இருக்கிறது. இங்கே தைரிஸ்டருக்காக வாதாடுவது வீண்.

இரண்டு தீர்வுகளையும் ஒரே இடத்தில் காணப் புகளூர் நேர்மின் நிலையத்துக்குப் போகலாம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து வரும் ±800 கிலோவோல்ட், 6000 மெகாவாட் வழித்தடத்தின் மாற்றிகள் தைரிஸ்டர்களால் ஆனவை. அவற்றைக் கொண்டு அமைத்த மும்முனைப் பாலத்தின் சராசரி நேர்மின்னழுத்தம், இயக்கும் கோணத்தின், அதாவது கேட் துடிப்பைத் தாமதிக்கும் கோணத்தின், கொசைனைப் பின்பற்றும். 60 பாகையில் பாதி, 90 பாகையில் சுழி, அதைத் தாண்டினால் எதிர்க்குறி. புகளூரில் நேர்மின் மறுபடி மாறுமின்னாவது இந்த எதிர்ப்பக்கத்தில்தான். எனவே ஒரு தைரிஸ்டரிலிருந்து அடுத்ததற்கு மின்னோட்டத்தை மாற்றித்தருவது தமிழகக் கட்டமைப்பின் அழுத்தமே. அது திடீரெனத் தாழ்ந்தால் பழைய தைரிஸ்டர் அணையாமல் நின்று பாலம் தற்காலிகமாகக் குறுக்குச்சுற்றாகும். என் வாதத்தின் எல்லை இது: அணைக்கும் பொறுப்பை வெளியே விட்டவர், வெளியின் பலவீனத்தையும் ஏற்க வேண்டும்.

அதே புகளூரிலிருந்து திருச்சூருக்குச் செல்லும் ±320 கிலோவோல்ட், 2000 மெகாவாட் தடத்துக்கு ஐ.ஜி.பி.டி. தேர்ந்தெடுக்கப்பட்டது. கேரளப் பக்கத்தில் அதன் ஒரு பகுதி நிலத்தடிக் கேபிள். தைரிஸ்டரில் மின்னோட்டம் ஒரு திசையில்தான் ஓடும். திறனின் திசையை மாற்ற அழுத்தத்தின் குறியையே புரட்ட வேண்டும். பாலிஎத்திலீன் காப்பிட்ட கேபிள் அந்தப் புரட்டலைச் சிரமத்தோடுதான் தாங்கும்.