இலங்கையின் சுகாதாரக் கணக்கில் லயத்து வீடுகள்

வளரும் நாடுகளின் பொது சுகாதாரம் பற்றி எதைப் படித்தாலும் நடுவில் இலங்கை வந்துவிடும். கூடவே ஒரு கிராஃபும் வரும். 1946-ல் ஆயிரம் பேருக்கு சுமார் 20 ஆக இருந்த இறப்பு விகிதம் அடுத்த வருஷமே 14. டிடிடி தெளித்தார்கள், மலேரியா அடங்கியது என்று பலரும் கதையை அங்கேயே முடித்துவிடுகிறார்கள். 1934-35-ல் மலேரியாவுக்கு சுமார் 80,000 பேரைப் பறிகொடுத்த நாடு, அதனால் நம்பவும் முடிகிறது. ஆனால் மலேரியா அதிகம் இல்லாத மாவட்டங்களிலும் அதே சமயத்தில் இறப்பு குறைந்ததே, அது எப்படி?

என் பார்வையில் கதை 1926-ல், களுத்துறையில் தொடங்குகிறது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உதவியோடு முதல் 'சுகாதாரப் பிரிவு' அங்கேதான் வந்தது. ஒரு குறிப்பிட்ட பகுதி, அங்கே எத்தனை பேர் என்ற கணக்கு, அவர்களுக்குப் பொறுப்பாக ஒரு டாக்டர், கீழே சுகாதாரப் பரிசோதகர், நர்ஸ், மிட்வைஃப். நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல் இவர்கள் வீட்டுக்குப் போனார்கள். நம்மூர் நர்ஸம்மா மாதிரிதான், அங்கே இன்று குடும்பநல உத்தியோகத்தர் என்கிறார்கள். அவர் கையில் இருக்கும் குடும்பப் பதிவேட்டில், எந்த வீட்டில் யார் கர்ப்பம், எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி பாக்கி என்பதெல்லாம் இருக்கும். 1930-களில் லட்சம் பிறப்புக்கு 2,000 தாய்மாருக்கு மேல் இறந்தார்கள். 1950-களின் நடுவில் அது 500-க்குக் கீழே வந்தது. 2010-களில் முப்பது சொச்சமாக இருந்தது. டிடிடி இதைச் செய்திருக்க முடியாது!

சரி, பதிவேட்டில் பெயரே இல்லாதவர்கள்?

சர்வரின் சராசரி ரெஸ்பான்ஸ் டைம் அருமையாக இருக்கும், ஆனால் ஒரு ஊர் யூசர்களுக்கு மட்டும் பக்கமே திறக்காது. டேஷ்போர்டு பச்சையாகவே இருக்கும். மலையகத் தேயிலைத் தோட்டங்கள் அப்படித்தான் இருந்தன. தோட்டத் தொழிலாளியின் வைத்தியம் 1872 சட்டத்திலிருந்தே தோட்ட முதலாளியின் தலையில். அது கூலியாட்களை வேலைக்குத் தகுதியாக வைத்திருக்கும் ஏற்பாடு. லயன்களில் பெரும்பாலும் இருந்தது முழு டாக்டர் அல்ல, எஸ்டேட் மெடிக்கல் அசிஸ்டன்ட். 1948 குடியுரிமைச் சட்டத்தால் இவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். ஓட்டும் போயிற்று. 1951-ல் அரசு ஆஸ்பத்திரிகளில் கட்டணம் ரத்தானது, தொகுதிக்குத் தொகுதி எம்.பி.க்கள் ஆஸ்பத்திரி கேட்டு வாங்கினார்கள். ஓட்டில்லாத லயத்துக்கு யார் போய்க் கேட்பது?

1973-74 உணவுத் தட்டுப்பாட்டில் இந்த இடைவெளி அப்பட்டமாகத் தெரிந்தது. தேசிய சிசு மரண விகிதம் ஆயிரத்துக்கு ஐம்பதை ஒட்டி இருந்தபோது தோட்டங்களில் நூறைத் தாண்டியது. தோட்டங்கள் தேசியமயமானபின் மெல்ல மெல்ல அரசின் சேவை உள்ளே போனது, சிசு மரணமும் நன்றாகவே குறைந்தது. ஆக, அதே முறை லயத்திலும் வேலை செய்யத்தான் செய்தது. அரை நூற்றாண்டு தாமதம், அவ்வளவுதான்.

வளர்ச்சி குன்றிய குழந்தைகள் கணக்கில் மட்டும் இடைவெளி இன்னும் மூடவில்லை. 2016 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் தேசிய அளவில் 17 சதவீதம், தோட்டங்களில் 32. மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்ததும் அதே 2016-ல்தான்.