கடிகாரம் பார்த்து டிவி பார்த்த காலம்

போன மாதம் சந்தா வாங்க வந்த எங்கள் தெரு கேபிள்காரர் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். "முன்னே இந்தத் தெருவுல நாப்பத்திரெண்டு வீடு சார். இப்போ பதினொண்ணு" என்றார். என் மகனும் ஒரு வருடமாக, "எதுக்குப்பா தண்டமா கேபிளுக்குக் காசு கட்டுறீங்க, எல்லாம் ஓடிடியிலதான் வருதே" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். கேபிள்காரருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு, இந்தப் பெட்டியோடு நமக்கு இருந்த உறவை ஒருமுறை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15-ஆம் தேதி தொடங்கியது. ஆனால் நான் ஒழுங்காக டிவி பார்த்தது 1983-ல், காரைக்காலுக்கு மாற்றலாகிப் போனபோதுதான். அங்கே சென்னை எட்டாது. இலங்கையின் ரூபவாஹினி எட்டும்! அது 1982-ல்தான் தொடங்கியிருந்தது. நான் குடியிருந்த வீட்டுக்காரர் மொட்டை மாடியில் நீளமான இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனா கட்டியிருந்தார். காற்று அடித்தால் அது திரும்பிக்கொள்ளும். ஒருவர் மாடியில் குழாயைத் திருப்பிக்கொண்டே "வருதா? வருதா?" என்பார். கீழே கூடத்திலிருந்து பத்துப் பேர் "வருது, வருது... ஐயோ போச்சு" என்று கத்துவோம். கடல் தாண்டி வந்த படம் அது. பாதி நேரம் சிங்களம். புரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

மீண்டும் புதுச்சேரிக்கு வந்தபோது வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' வந்திருந்தது. டிவி உள்ள வீட்டில் செருப்பு வைக்க இடம் இருக்காது. 1987 ஜனவரியில் 'ராமாயணம்' தொடங்கியது. ஞாயிறு காலையில் கறிக்கடையில் கூட்டம் ஒன்பது மணிக்குள் கலைந்துவிடும். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு அந்த மொழியோடு எந்தக் காலத்திலும் ஒட்டில்லை. ஆனாலும் கதை நமக்குப் பாட்டி சொன்னதுதானே.

இதில் கவனிக்க வேண்டியது, நேரத்தை நாம் தீர்மானிக்கவில்லை. டெல்லியும் சென்னையும் தீர்மானித்தன. நாம் குளியலையும் சாப்பாட்டையும் அதற்குத் தக்கபடி மாற்றிக்கொண்டோம். 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. 'சித்தி', 'மெட்டி ஒலி' காலத்தில் சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு யார் வீட்டுக்காவது போனால், "வாங்க" என்று வாய் சொல்லும், கண் டிவியில் இருக்கும். எஜமான் மாறினாரே தவிர கடிகாரம் மாறவில்லை.

பிரான்சிலும் இதே கதைதான். 1991-ல் அங்கே அக்கா வீட்டில் ஒரு மாதம் இருந்தேன். இரவு எட்டு மணிச் செய்தியை அவர்கள் 'வேன்த்தேர்' என்பார்கள், அதாவது இருபது மணி. அத்தான் அந்த நேரத்துக்குச் சரியாக சூப் கிண்ணத்தோடு உட்காருவார். போன் அடித்தாலும் எடுக்க மாட்டார். மாடிக் குடித்தனங்கள் எல்லாவற்றிலும் அதே நேரத்தில் அதே குரல் சுவர் வழியாகக் கேட்கும்.

நடுவில் ஒரே ஒரு சாதனம் கடிகாரத்தை எதிர்த்தது. டெக்! 1986 வாக்கில் அலுவலக நண்பர் வீட்டுக் காதுகுத்துக்கு கலர் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய நாலு படம் போட்டார்கள். மூன்றாவது படத்தில் பாதிப் பேர் பாயில் சாய்ந்து தூங்கிவிட்டோம். காலையில் எந்தப் படத்தில் யார் வில்லன் என்று சண்டை. இப்போது பிள்ளைகள் ஒரே மூச்சில் பத்து எபிசோடு பார்ப்பதைப் புதுமை போலப் பேசும்போது எனக்கு அந்த ராத்திரிதான் ஞாபகம் வரும். ஒரு வித்தியாசம் உண்டு. அன்று முப்பது பேர் சேர்ந்து கண் விழித்தோம்.

நெட்ஃபிளிக்ஸ்கூட ஒரு வகையில் டெக் வாடகைக் கடையின் பேரப்பிள்ளைதான். 1997-ல் அமெரிக்காவில் தொடங்கிய அந்த கம்பெனி, முதலில் டிவிடிகளைத் தபாலில் அனுப்பி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தது. 2007-ல்தான் இணையம் வழியாகப் படம் காட்ட ஆரம்பித்தது. 2013-ல் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரின் 13 பகுதிகளையும் ஒரே நாளில் வெளியிட்டது. அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று காத்திருக்கும் வேலை அன்றோடு முடிந்தது. இந்தியாவுக்கு 2016 ஜனவரியில் வந்தது. ஆனால் நம் தெருவுக்கு அதைக் கொண்டுவந்தது அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஜியோதான். டேட்டா இலவசம் என்றதும் ஒவ்வொரு கைக்குள்ளும் ஒரு டிவி வந்து உட்கார்ந்தது.

பிறகு கொரோனா. 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' தியேட்டருக்கே போகாமல் அமேசான் பிரைமில் வெளியானது. தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள். 2021 பொங்கலுக்குத் தியேட்டரில் வந்த 'மாஸ்டர்', ஜனவரி 29-ஆம் தேதி பிரைமுக்கு வந்துவிட்டது. பதினாறு நாள்! பிரான்சில் இது நடக்காது. தியேட்டரில் வெளியான படத்தை நெட்ஃபிளிக்ஸ் போன்றவர்கள் காட்ட 36 மாதம் காத்திருக்க வேண்டும் என்று அங்கே விதி இருந்தது. 2022-ல் மிகவும் இறங்கி வந்து, நெட்ஃபிளிக்ஸுக்கு 15 மாதம் ஆக்கினார்கள். சினிமாவைக் கொட்டகையோடு சேர்த்துக் காப்பாற்ற நினைக்கும் அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்தவனுக்கு விதி என்றால் கொஞ்சம் பிரியம் இருக்கத்தானே செய்யும்.

இப்படிச் சொல்வதால் நான் ஓடிடிக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். என் மனைவிக்குக் காது மந்தமாகி ஏழெட்டு வருடம் ஆகிறது. சீரியல் ஓடும்போது, "என்ன சொன்னான்? என்ன சொன்னான்?" என்று கேட்டுக் கேட்டு, நாங்கள் எரிச்சல்பட்டு, ஒரு கட்டத்தில் கேட்பதையே நிறுத்திவிட்டாள். டிவி ஓடும்போது அடுக்களைக்குப் போய்விடுவாள். அதை அப்போது நான் கவனிக்கவில்லை என்பதுதான் உண்மை. பேத்தி ஒருநாள் ஓடிடியில் ஒரு தமிழ்ப் படத்தைப் போட்டு, கீழே எழுத்தும் ஓடும்படி வைத்துக் கொடுத்தாள். பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள், ஆங்கில எழுத்தை விறுவிறு என்று படிப்பாள். படம் முடியும் வரை எழுந்திருக்கவில்லை. இடையில் எனக்குக் காது கேட்காத ஒரு வசனத்தை அவள்தான் எனக்குச் சொன்னாள்.

இழந்தது வேறு. 2021 ஜனவரியில் 'லூப்பேன்' தொடர் வந்தது. மொரீஸ் லெப்லான் எழுதிய அர்சேன் லூப்பேன் கதைகளை நானும் அக்காவும் ஒரே புத்தகத்தில் மாற்றி மாற்றிப் படித்தவர்கள். ஆசையாகப் போன் செய்தேன். "எத்தனாவது பார்க்கிறே?" என்றாள். "ரெண்டு." "ஐயோ, நான் அஞ்சையும் முடிச்சுட்டேன். இப்ப பேசினா கதையைச் சொல்லிடுவேன், வை போனை." வைத்துவிட்டாள். 'ஒளியும் ஒலியும்' முடிந்த மறுநாள் காலை அலுவலகத்தில் ஆளாளுக்கு அதையே பேசுவோம். எல்லோரும் ஒரே இடத்தில் நின்றிருந்ததால் பேச முடிந்தது. இப்போது ஒரே கதையில் ஆளுக்கொரு மைல்கல்லில் நிற்கிறோம்.

2023 அக்டோபரில் அதன் மூன்றாம் பாகம் வந்தபோது நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஞாயிறு இரவு ஒன்பது மணி எனக்கு, சாயங்காலம் ஐந்தரை அவளுக்கு. வாரம் ஒரு பகுதிதான். வாட்ஸப்பில் பேசிக்கொண்டே இரண்டு பேரும் ஒன்றாக அமுக்க வேண்டும். மாத முடிவில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்கு மாற்றியதும் அது நாலரையானது. முதல் வாரம் எனக்கு இணையம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"வருதா?" என்றாள் அக்கா.

"இரு, இரு, இன்னும் வரலே" என்றேன்.