ஃபோர் டென் மஸ்கட் பிறந்த கதை

காவல் நிலைய வாசலில் பாரா நிற்பவரின் தோளில் தொங்கிய மரக்கட்டைத் துப்பாக்கியை விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பெரியவர்கள் பலர் பார்த்திருப்பார்கள். ஊருக்கு அது த்ரீ நாட் த்ரீ. அதே உருவில் இன்னொன்று உண்டு என்பது போலீஸ்காரர்களுக்குத்தான் தெரியும். அதன் பெயர் ஃபோர் டென் மஸ்கட்.

த்ரீ நாட் த்ரீயின் குழலுக்குள் திருகாணிபோலப் பள்ளங்கள் ஓடும். அவை குண்டைச் சுழலவிடுவதால் அது தடுமாறாமல் நெடுந்தூரம் போகும். தோட்டாப்பெட்டியில் பத்து நிற்கும். மஸ்கட்டின் குழலுக்குள் பள்ளமே இல்லை, வழவழப்பு. பெட்டி இருக்கவேண்டிய குழியில் மரத்துண்டை அடைத்திருப்பார்கள். ஒன்றைக் கையால் போட்டுச் சுட்ட பிறகே அடுத்ததைப் போட முடியும். நல்ல துப்பாக்கியின் வலுவைத் தெரிந்தே குறைத்திருக்கிறார்கள்.

காரணம் தேடினால் 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் போகவேண்டும். கொழுப்புத் தடவிய தோட்டாவின் கதை எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பின் நடந்ததைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. கிளர்ச்சியை அடக்கியவர்கள், இந்தியச் சிப்பாயிடம் குறி தவறாத துப்பாக்கியைக் கொடுக்கப் பயந்தார்கள். 1853 மாதிரி என்ஃபீல்டின் உருவத்தை வைத்துக்கொண்டு, குழலை வழவழப்பாக்கி, தூரத்துக்கு ஏற்ப உயர்த்தும் குறிப்பலகையையும் நீக்கி, 1858, 1859 மாதிரிகளைச் செய்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு ஸ்னைடர் வந்தபோது இந்தியருக்கு என்ஃபீல்டு. அவருக்கு மார்ட்டினி-ஹென்றி வந்தபோது இவருக்கு ஸ்னைடர். எப்போதும் ஒரு படி கீழே.

வங்காளத்தின் இஷாப்பூரில் 1904-இல் துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது. மங்கள் பாண்டே துப்பாக்கி தூக்கிய பாரக்பூர் அதற்கு அருகில்தான். லீ-என்ஃபீல்டு த்ரீ நாட் த்ரீயைச் செய்த இஷாப்பூரில்தான், காவல் வேலைக்கென்று அதையே மஸ்கட்டாகவும் மாற்றினார்கள். தோட்டாவிலும் அதே எச்சரிக்கை. த்ரீ நாட் த்ரீ தோட்டாவின் கழுத்தை ஒடுக்காமல் நேராக விட்டால் மஸ்கட் தோட்டா. கடையில் விற்கும் ஃபோர் டென் வேட்டைத் தோட்டா அதில் பொருந்தாது. துப்பாக்கி திருடுபோனாலும் தோட்டாவுக்கு அரசாங்கக் கிடங்கைத்தான் நம்பவேண்டும்.

ஆட்சி மாறியது, மஸ்கட் போகவில்லை. குடிமக்கள்மேல் நம்பிக்கையில்லாத ஓர் அரசு செய்த கருவியைச் சுதந்திர நாட்டுப் போலீஸும் பல பத்தாண்டுகள் சுமந்தது எனக்கு வேதனையாகவே இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்துக்குப் போலீஸ் துப்பாக்கி வேடிக்கைப் பொருளும் அல்ல. 1987 செப்டம்பரில் வன்னியர் இடஒதுக்கீட்டு மறியலில் இந்தப் பக்கத்துச் சாலைகளில் துப்பாக்கிச்சூடு நடந்தது. அந்தப் போராட்டத்தில் உயிர்நீத்த 21 பேருக்கு விழுப்புரத்தில் மணிமண்டபம் இருக்கிறது.

பழைய துப்பாக்கியின் வரலாறு அதன் உடம்பிலேயே பொறித்திருக்கும். கட்டை வந்து சேரும் இரும்பு வளையத்தைப் பார்க்கவேண்டும். கிரீடமும் ஜி.ஆர்.ஐ. எழுத்தும் இருந்தால் பேரரசர் ஜார்ஜ் காலத்து இந்தியத் தயாரிப்பு. அசோகச் சிங்கமும் இஷாப்பூர் தொழிற்சாலையைக் குறிக்கும் ஆர்.எஃப்.ஐ.யும் இருந்தால் சுதந்திரத்துக்குப் பிந்தையது. அருகில் ஆண்டு. தாழ்ப்பாள் பிடியிலுள்ள எண்ணும் உடலிலுள்ள எண்ணும் ஒன்றானால், இரண்டும் பிறந்ததிலிருந்து பிரியாதவை என்று கொள்ளலாம்.

வெளிநாட்டில் இவற்றைத் தேடி வாங்கிச் சேர்ப்பவர்கள் உண்டு. இங்கே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, பழந்துப்பாக்கிகளில் பழுதுபார்த்தாலும் சுட முடியாதவற்றுக்கு மட்டுமே விலக்குத் தருகிறது. ஆகவே தனியார் சேகரிப்பை நம்பிப் பயனில்லை. ஆயுதக் கிடங்குகளில் மஸ்கட்டைக் கண்டம் செய்யும்போது, உருக்க அனுப்புமுன் ஒவ்வொன்றின் முத்திரை, ஆண்டு, எண், அது இருந்த காவல் நிலையத்தின் பெயர் ஆகியவற்றைப் படத்துடன் பதிவுசெய்து, சென்னை எழும்பூர் காவல் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைக்கலாம். மாவட்டத்துக்கு ஒரு மஸ்கட்டையாவது, மரத்துண்டை எடுக்காமல் அப்படியே அங்கே வைக்கவேண்டும்.