கோப்பையில் வெந்த கேக்கு



அமெரிக்காவில் ஓர் அலுவலகத்தில் பணியாற்றும் என் பழைய மாணவி ஒருத்தி, சென்ற டிசம்பரில் எனக்கு ஒரு நிழற்படம் அனுப்பியிருந்தாள். சிறு காகிதக் குவளைகளில் வெந்த 24 கேக்குகள். ஒவ்வொன்றின் தலையிலும் பச்சைச் சர்க்கரைக் குழைவால் ஆன கிறிஸ்துமஸ் மரம். உடன் வேலை செய்பவர்களுக்கென்று அவளே சுட்டவை. “இதற்கும் சரித்திரம் உண்டா, ஐயா?” என்று கேட்டிருந்தாள். சரித்திரம் உண்டு, அதனுள் ஒரு வழக்கும் உண்டு.

1796-ஆம் ஆண்டு கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரில் ‘அமெரிக்கச் சமையல்’ என்னும் பொருள்படும் ஒரு சிறு நூல் அச்சாயிற்று. அமெரிக்கர் ஒருவர் எழுதி அந்நாட்டிலேயே வெளிவந்த முதற் சமையல் நூலாக அதனைக் கொள்வர். ஆசிரியை அமீலியா சிம்மன்ஸ். முகப்பில் தம்மை ‘ஓர் அமெரிக்க அனாதை’ என்றே அவர் குறித்துக்கொண்டார். சிறு கோப்பைகளில் சுடுதற்குரிய கேக்கு ஒன்றின் செய்முறை அந்நூலில் உள்ளது. இரண்டு பவுண்டு மாவு, அரைப் பவுண்டு சர்க்கரை, அரைப் பவுண்டு வெண்ணெய், சிறிது திராட்சை மது, பன்னீர், பொங்கச் செய்வதற்கு நொதி மண்டி. ஜாதிக்காயும் இலவங்கப்பட்டையுங்கூட உண்டு. அவை நம் பக்கத்துக் கடல்களைத் தாண்டிச் சென்ற சரக்குகள் அல்லவா?

அக்காலத்துப் பண்டிகைக் கேக்கோ மலை போன்றது. அதே ஆண்டில் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் தேர்தல் நாளுக்குரிய கேக்கு ஒன்று காண்கிறது. வெண்ணெய் 10 பவுண்டு, சர்க்கரை 14 பவுண்டு, உலர்ந்த திராட்சை 12 பவுண்டு, முட்டை 3 டஜன்! ஊர் முழுவதும் கூடி வெட்டித் தின்பதற்கு அது. அவ்வாறு ஊருக்கெல்லாம் ஒன்றாக இருந்த பண்டம், ஆளுக்கொன்றாகச் சுருங்கிய கதைதான் என் மாணவியின் தட்டில் இருந்தது.

‘கோப்பைக் கேக்கு’ என்ற பெயரை 1828-இல் எலைசா லெஸ்லி அம்மையார் தம் நூலில் வழங்கினார். அங்கே கோப்பை என்பது அளவையும் குறித்தது. ஐந்து கோப்பை மாவு, இரண்டு கோப்பை வெண்ணெய் என்று அளக்கலாம். தராசு இல்லாத வீட்டிலும் கேக்கு உண்டாகும். 1856-இல் ஹார்வர்டு பேராசிரியர் ஹார்ஸ்ஃபோர்டு, மாவைப் பொங்கச் செய்யும் பொடிக்குரிய பொருளுக்குக் காப்புரிமை பெற்றார். நொதிக்காகக் காத்திருக்கும் தொல்லையும் நாளடைவில் தீர்ந்தது.

இனி, வழக்குக்கு வருகிறேன். சிம்மன்ஸ் அம்மையாருக்கு அச்சுக்குரிய நூலாக எழுதித்தரும் அளவுக்குக் கல்வி இல்லை. ஆகவே ஒருவரை அமர்த்திக் குறிப்புகளை ஒப்படைத்தார். அவரோ வேண்டிய சரக்குகளை விட்டுவிட்டு, வேண்டாதவற்றைச் சேர்த்து எழுதிவிட்டாராம். நூல் விற்பனையைக் கெடுக்கும் எண்ணத்தோடே அப்படிச் செய்தார் என்பது அம்மையாரின் குற்றச்சாட்டு. அவர் வாளாவிருக்கவில்லை. உண்மையை வெளிப்படையாகக் கூறித் திருத்தங்களுடன் ஒரு பக்கத்தை அச்சிட்டு, நூலோடு சேர்த்தார். தமக்குக் கல்வி போதாது என்பதையும் அதிலேயே ஒப்புக்கொண்டார்.

நூல் முழுவதிலும் என்னை ஈர்த்தது அந்த ஒரு பக்கமே. கைந்நாட்டு வைக்கும் பெற்றோர் பலருக்கு நான் மனு எழுதிக் கொடுத்ததுண்டு. அவர்கள் சொன்னதைத்தான் எழுதினேனா, எனக்குத் தோன்றியதை எழுதினேனா என்று அப்போது எண்ணிப் பார்த்ததில்லை. எழுதியதைப் படித்துக் காட்டிய நாட்களும் குறைவு.

இவற்றையெல்லாம் மாணவிக்கு எழுதினேன். சிம்மன்ஸ் அம்மையாரின் கிறிஸ்துமஸ் பிஸ்கத்து ஒன்றையும் குறிப்பிட்டேன். அதில் நம் கொத்தமல்லி விதையைப் பொடித்துச் சேர்ப்பர். வருகிற டிசம்பரில் அதையே சுட்டு அலுவலகத்துக்கு எடுத்துச் செல்வதாகப் பதில் வந்தது. ஆறு மாதம் மண்பானையில் வைத்திருந்தால்தான் அது நன்றாக மென்மையாகும் என்று நூலில் உள்ளது. ஆகவே ஜூனிலேயே அடுப்பை மூட்டும்படி மறுகடிதம் எழுதியிருக்கிறேன்.